வடக்குப் பார்த்த புகை

அந்த வருஷம் ஆடி மாதத்தில் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்திலேயே மெத்தென்ற இட்லி வீரம்மாள் வீட்டில்தான் கிடைத்தது. தோட்டத்துக் குடும்பங்கள் தீபாவளிக்கு மட்டும் இட்லியைப் பார்க்கிற காலம் அது. வீரம்மாளின் மருமகள் தங்கமணி மட்டும் வாரம் ஒரு முறை அவித்தாள். காரணம், அவளுடைய அப்பா ரெங்கசாமி வாரம் ஒரு முறை வருவார். மத்தியானம் ஆட்டி வைத்த மாவு விளக்கு வைப்பதற்குள் பொங்கிப் பானைக் கழுத்தைத் தாண்டி வழிந்தது. கைராசி என்று தங்கமணி சொல்லிக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. வாயில் இட்லி இருக்கும்போது யார் மறுப்பார்கள்?

வீரம்மாளும் மறுக்கவில்லை. பானையைத் தூக்கி நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தரை காய்ச்சல்காரன் முதுகு மாதிரி இருந்தது.

அவளுக்கு அப்போது அறுபது வயது இருக்கலாம், அறுபத்தைந்தும் இருக்கலாம். அவள் எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் இந்தச் சதுப்புக் காட்டில் வடிகால் வெட்டுவதற்கென்று கப்பலில் கொண்டுவரப்பட்டவள். அதனால் தோட்டத்தில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் மண் என்று சொல்லப்படுவது மண் அல்ல. மனிதன் நடமாடாத காலத்திலிருந்து விழுந்து விழுந்து மட்கிப்போன மரமும் இலையும் வேரும்தான் அது. ஈரமாக இருக்கும்வரை நிலம், காய்ந்தால் விறகு. ஒரு பெரிய விறகுக் குவியலின்மேல் குடும்பம் நடத்துகிறோம் என்ற நினைப்பு மழைக்காலத்தில் யாருக்கும் வருவதில்லை. மழையில்லாத காலத்திலும் வருவதில்லை என்பதைத்தான் அந்த வருஷம் காட்டியது.

சித்திரைக்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. தெற்கே மூன்று மைலில் காடு எரிந்துகொண்டிருந்தது. சூரியன் காலையில் பரங்கிப்பழம் மாதிரி எழுந்து, மாலையில் அதே நிறத்தில் அடங்கியது. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை எடுத்தால் புள்ளி போட்ட வேட்டியாக இருந்தது. கோழிகள் பட்டப்பகலில் பொழுது சாய்ந்துவிட்டது என்று எண்ணிக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்தன. எல்லோர் கண்ணிலும் எந்நேரமும் நீர் வடிந்ததால், தங்கமணி நிஜமாகவே அழுத இரண்டு தடவையும் யாரும் கவனிக்கவில்லை என்று அவளுக்கு வருத்தம்.

மேலே எரிகிற தீ கண்ணுக்குத் தெரியும். ஓடிவிடலாம். வீரம்மாளுக்குப் பயம் கீழே எரிகிற தீதான். அது சுவாலை இல்லாமல், சத்தம் இல்லாமல், காய்ந்த மண்ணுக்குள் நத்தை மாதிரி ஊர்ந்து வரும். வடிகால் வெட்டிய காலத்தில் ஒரு கூலி லயத்தின் சமையலறை, அடுப்பும் அம்மியும் அம்மியில் பாதி அரைத்த மிளகாயுமாக அப்படியே பூமிக்குள் இறங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். அரைத்துக்கொண்டிருந்தவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் பிழைத்தாள்.

வீரம்மாளின் வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது அல்ல. எல்லைக்கு வெளியே, அவளும் செத்துப்போன அவள் புருஷனும் மரம் வெட்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்து தாங்களே கட்டியது. இரண்டு அறை, தெற்கு ஓரத்தில் சமையலறை, அதற்கப்பால் கொல்லை. இது போய்விட்டால் அவள் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் போக வேண்டும். அங்கே அவளுடைய மூத்த மகன் ரயில்வே பட்டறையில் வேலை செய்தான். ஒற்றை அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள். ஒன்பதாவது ஆளுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்று அவன் கடிதம் எழுதுவான். எங்கே என்று எழுதியதில்லை.

அன்று மாலை இளைய மகன் கன்னையா வேலை முடிந்து வந்ததும் வீரம்மாள் விஷயத்தைச் சொன்னாள்.

"அடுக்களைக்கும் கொல்லைக் கோடியில இருக்கிற அந்த மரக்கட்டைக்கும் நடுவுல குறுக்கால ஒரு கால்வா வெட்டணும்டா. நாப்பது அடி நீளம். தண்ணி ஊறுற வரைக்கும் ஆழம்."

"தண்ணி எம்புட்டு ஆழத்துல ஊறும்மா?"

"இந்தக் காய்ச்சல்ல ஆறடியாவது போகணும்."

கன்னையா நல்லவன். தேங்காய் உலர்த்துகிற கொட்டகையில் காலையிலிருந்து மாலைவரை அனலில் நின்றுவிட்டு வந்து, இரண்டு மாலை மண்வெட்டி பிடித்தான். கொல்லையில் ஓர் எருமை வசதியாகப் படுக்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. கையில் கொப்புளமும் விழுந்தது. லயத்தில் ஆள் கேட்டுப் பார்த்தான். இருந்தவர்களைப் பகலெல்லாம் பெரிய தொரை ரப்பர் மரத்துக்குக் காவல் போட்டிருந்தார். மாலையில் வீடு திரும்பியவர்களுக்கு முதுகு நிமிரவில்லை. "பாப்போம்ண்ணே" என்றார்கள். பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் சமையலறை மூலையில் தரை நாலு விரல் உள்வாங்கி, அம்மி ஒரு பக்கம் சாய்ந்தது. அதே நாள் காலையில்தான் கொல்லையில் புகை வந்தது.

கொல்லைக் கோடியில் ஒரு பழைய காட்டுமரத்தின் அடிக்கட்டை இருந்தது. அதன் காலடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதிலிருந்து வெள்ளைப் புகை நூல் பிடித்த மாதிரி நேராக எழுந்தது. அந்தக் கட்டை குங்கிலியம் வடிக்கிற ஜாதி. உள்ளே வேர் கருகினால் சாம்பிராணி வாசம்தான் வரும். வந்தது.

அன்று இட்லி நாள். ரெங்கசாமி வந்திருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் இருபது வருஷம் பெரிய கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். குடையை மழைக்குப் பிடித்ததைவிட ஆட்களைச் சுட்டிக்காட்டப் பிடித்ததுதான் அதிகம். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பதினோரு வருஷம் அவர்தான் தலைவர், முதல் மரியாதையும் அவருக்குத்தான். போன வருஷம் புதிதாக வந்த கங்காணி நாகையா அந்த மாலையைத் தன் கழுத்துக்கு மாற்றிக்கொண்டான். அதிலிருந்து ரெங்கசாமியின் கழுத்து எதையோ தேடுகிற மாதிரி கோட்டுக்கு வெளியே நீண்டுகொண்டே இருந்தது.

ஏழாவது இட்லிக்குப் பிறகு கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர், புகையைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். செருப்பைக் கழற்றினார். பிறகு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, கோட்டையும் கழற்றினார்.

"சம்பந்தியம்மா, இங்க வாங்க. அதாவது, பதறாம வாங்க. உங்க கொல்லையில் அம்பாள் பிரசன்னமாகி இருக்கிறாள்."

வீரம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"அது தீ, சம்பந்தி. நெலத்துக்குள்ள எரியுது. இன்னைக்கு அம்மி சாஞ்சுபோச்சு. வந்து பாருங்களேன்."

"அம்மி சாய்ந்ததா?" ரெங்கசாமி கண்ணை மூடிக்கொண்டார். "அதாவது, வணங்கியிருக்கிறது."

"அடுக்களை மொத்தமும் வணங்கிருச்சுன்னா நீங்க அடுத்த வாரம் எங்க சாப்பிடுவீங்க?"

அவர் காதில் அது விழவில்லை. சாம்பிராணி மூட்டாமலே சாம்பிராணி வாசம், கொள்ளி இல்லாமலே புகை, அதுவும் ஆடி மாதத்தில், அதுவும் தன் மகள் வீட்டுக் கொல்லையில். நாகையாவின் கோயிலில் அம்மன் கிள்ளானிலிருந்து வண்டியில் வந்தவள். இவளோ தானாக வந்தவள். இந்தக் கணக்கு அவர் முகத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ஓடியது.

மறுநாள் மாலைக்குள் கட்டைக்கு மஞ்சள் துணி சுற்றி, மேலே நாலு கால் பந்தல் போட்டாகிவிட்டது. வேலை முடிந்து, முதுகு நிமிராத அதே ஆட்கள் குளித்துவிட்டு நிமிர்ந்து வந்தார்கள். சாயாக்கடை மூசா ஒரு பெஞ்சையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்து வேலி ஓரமாக உட்கார்ந்தார். "உங்க சாமி எங்களுக்கு ஒண்ணும் சொல்லாது லா, நான் தள்ளித்தான் இருக்கேன்" என்றார்.

கன்னையா வெட்டிய எருமைப் பள்ளத்தை ரெங்கசாமி முதல் வேலையாக மூடச் சொன்னார்.

"மாப்ள, அம்பாள் எழுந்தருளிய பூமி. இங்க இரும்பு படக் கூடாது."

"மாமா, அம்மா சொல்றாங்க, கால்வா வெட்டலைன்னா அடுக்களை..."

"உங்கம்மா பெரியவங்கதான். ஆனா அம்பாள் அவங்களைவிடப் பெரியவள்."

கன்னையா அம்மாவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். தங்கமணி, "அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்ற முகத்தோடு நின்றாள். மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவனுக்குக் கொப்புளம் வேறு இருந்தது.

நாலைந்து நாள் இப்படிப் போயிற்று. காலையில் வீரம்மாள் எழுந்ததும் சமையலறைத் தரையைத் தொட்டுப் பார்ப்பாள். நேற்றைக்கு இன்று சூடு ஒரு சாண் வடக்கே வந்திருக்கும். அடுப்பை வாசல் பக்கம் மாற்றிவிட்டார்கள். பேத்தி சந்திரகலா, ஒன்பது வயது, சமையலறைக்குள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நொண்டியடித்துக்கொண்டே பாத்திரம் எடுத்து வந்தாள். அவளுக்கு அது விளையாட்டு. மாவு இப்போது ஒரு மணி நேரத்தில் புளித்துத் தொலைத்தது. தங்கமணியின் கைராசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீரம்மாள் சண்டை போடவில்லை. கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து ஆண்பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொருத்தனுக்கும் தோள் தேக்குக் கட்டை மாதிரி. எல்லோரும் கைகூப்பிக்கொண்டு சும்மா நின்றார்கள். இவ்வளவு தோளும் சும்மா நிற்பதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"அப்பாயி," சந்திரகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், "சாமின்னா மூஞ்சி இருக்கணும்ல? இந்தப் புகைக்கு மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு?"

வீரம்மாள் பாக்குவெட்டியை நிறுத்தினாள். பேத்தியின் தலையைத் தடவி, "போயி உங்க தாத்தாவை நான் கூப்பிட்டேன்னு சொல்லு" என்றாள்.

ரெங்கசாமி வந்தார். இந்த நாலு நாளில் கோட்டுக்குப் பதிலாக மஞ்சள் துண்டு வந்திருந்தது. நடையும் கொஞ்சம் மெதுவாகி இருந்தது.

"சம்பந்தி, எனக்கு ஒரு கொறை," என்றாள் வீரம்மாள். "ஆத்தா வந்து நாலு நாளாச்சு. பந்தல் போட்டீங்க, துணி கட்டுனீங்க. ஒரு கொளம் இல்லையே. கொளம் இல்லாத கோயில் உண்டா?"

ரெங்கசாமி அசந்துபோனார். நாகையாவின் கோயிலில் குளம் கிடையாது. ஒரு தகர டிரம்தான் இருந்தது.

"திருக்குளம்," என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். வாய்க்கு நன்றாக இருந்தது. "அதாவது, நானே நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்."

"இரும்பு படக் கூடாதுன்னீங்க."

"கொல்லை வேலைக்குப் படக் கூடாது. திருப்பணிக்குப் படலாம்."

"அது சரி. எங்க வெட்டுவீங்க?"

"சந்நிதிக்கு எதிரே. அம்பாள் கிழக்கு நோக்கி இருக்கிறாள். ஆகவே கிழக்கே."

கிழக்கே என்றால் கொல்லை ஓரத்து வண்டிப்பாதை. அங்கே குளம் வெட்டினால் வழிப்போக்கர் எல்லோரும் பார்ப்பார்கள். ரெங்கசாமிக்கு வேறென்ன வேண்டும்? வீரம்மாளின் சமையலறையோ கட்டைக்கு வடக்கே இருந்தது.

"கெழக்கன்னு யாரு சொன்னா?"

"சொல்ல வேண்டுமா? வழக்கம் அதுதானே."

"நாகையா கோயில் ஆத்தா எந்தப் பக்கம் பாத்திருக்கா?"

ரெங்கசாமி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"கெழக்கத்தானே?" வீரம்மாள் பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள். "நீங்களும் கெழக்க வெச்சா, நாகையா செஞ்சதத்தான் பெரிய கங்காணி திருப்பிச் செய்யுறாருன்னு லயத்துல பேசுவாங்க. நான் பேச மாட்டேன். பேசுறவங்க வாயை நான் மூட முடியுமா?"

அவர் கழுத்து கொஞ்சம் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது.

"வேற எந்தத் திசை, சம்பந்தியம்மா? திசையை நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியாது."

"நம்ம எதுக்கு வைக்கணும்? அவளே காட்டுறா. பாருங்க."

பொழுது சாயும்போது தென்காற்று எழும் நேரம் அது. நேராக நின்ற புகை மெல்ல வளைந்து, தலையைச் சாய்த்து, வடக்கே சமையலறைக் கூரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. தினமும் இந்த நேரத்துக்கு இதே மாதிரிதான் போகும். அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் இருமல்.

"வடக்கப் பாக்குறா," என்றாள் வீரம்மாள். "உக்கிரமான தெய்வமெல்லாம் வடக்கத்தானே பாக்கும். எங்க ஊருல காளி வடக்குப் பாத்துத்தான் நிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாதது எதுவும் இந்த உலகத்தில் இல்லை என்பதால் ரெங்கசாமிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குடையை உயர்த்தினார். அம்பாள் வடக்கு வாசல்காரி என்றும், அதைத் தாம் முதல் நாளே புகையின் சாய்வில் கண்டுகொண்டதாகவும், ஆகவே திருக்குளம் வடக்கேதான் என்றும் அறிவித்தார். கிழக்குப் பார்த்த அம்மன்களை அவர் குறை சொல்லவில்லை. அவர்கள் கொஞ்சம் சாதாரணம் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் ஞாயிறு. விடிந்ததும் இருபத்திரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். இரண்டே இரண்டு விஷயத்தில்தான் தகராறு வந்தது.

"சதுரமா வெட்டுங்கப்பா," என்றார் ரெங்கசாமி.

"சதுரத்துல தெப்பம் எப்புடி ஓடும்?" என்றாள் வீரம்மாள் படியிலிருந்து. "நீட்டமா வெட்டுனாத்தானே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வர முடியும். நாப்பது அடி."

"ஆழம் முழங்கால் அளவு போதும். தாமரை விடலாம்."

"தாமரை நல்லாத்தான் இருக்கும். ஆத்தா முழுகிக் குளிக்க வேணாமா? முழங்கால் தண்ணியில கொக்குதான் குளிக்கும்."

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ரெங்கசாமி சிரிக்காமல், "ஆளுயரம்" என்று திருத்தினார். தங்கமணி மட்டும் கூழ்ச் சட்டியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க சொன்ன கால்வாயும் நாப்பது அடிதானே?"

"கூழு அடிப்பிடிக்குது, கிண்டு."

பத்து மணிக்கு இடுப்பளவு வந்தது. பதினொரு மணிக்கு மார்பளவு. அதற்குப் பிறகு ஆட்களுக்குக் காலை ஒரே இடத்தில் ஊன்ற முடியவில்லை. மண் சுட்டது. தெற்குப் பக்கத்துச் சுவரிலிருந்து கரையான் புற்று மாதிரிப் பத்து இடத்தில் புகை கசிந்தது. ஒருவன் மண்வெட்டியை ஓங்கி அந்தச் சுவரில் போட்டான். ஒரு பெரிய மண்கட்டி சரிந்து விழுந்தது.

உள்ளே தெரிந்தது அம்பாள் அல்ல. சுருட்டின் நுனி மாதிரி, சுவர் முழுக்க ஒரு சிவப்பு. ஊதினால் கண் விழிக்கிற சிவப்பு. காற்றுப் பட்டதும் அது விழித்தது.

மண்வெட்டிகள் நின்றன. ஒருவன் மேலே ஏறினான். இன்னொருவன், "இது தீதானே? நெலம்ல எரியுது. என் வீட்டுப் பின்னாலயும் நாலு நாளாப் புகையுதே" என்றான். அவனும் ஏறினான். இன்னும் இரண்டு நிமிஷம் போனால் எல்லோரும் ஏறிவிடுவார்கள், அவரவர் வீட்டைப் பார்க்க ஓடுவார்கள். கால்வாய் மார்பளவில் நிற்கும். தண்ணீர் இன்னும் ஒன்றரை அடிக்குக் கீழே இருந்தது. திறந்துவிட்ட தீக்குக் காற்று கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சமையலறை இறங்கிவிடும், அதோடு வீடும்.

வீரம்மாள் படியிலிருந்து எழுந்தாள். ரெங்கசாமியைப் பார்த்தாள்.

ரெங்கசாமி சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதைக் கண்டதும் வீரம்மாளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த மனிதர் கோட்டுப் போடுவதற்கு முன், கங்காணி ஆவதற்கு முன், இதே சதுப்பில் இதே வடிகால்களை வெட்டியவர். அந்த லயத்து அடுப்பு இறங்கியபோது அவரும் அங்கே நின்றிருந்தார். முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ள கழுத்துக்கு ஒரு கோயில் மாலை போதுமாக இருந்திருக்கிறது.

அவரும் அவளைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்திரண்டு பேர் முன்னால் அவர் கதை முடிந்துவிடும். அவள் அதைச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அவர் மகளை மட்டும் கண்ணால் காட்டினாள். இது தங்கமணியின் வீடும்தான்.

ரெங்கசாமி தொண்டையைச் செருமினார்.

"ஏன் நிக்குறீங்க?" என்றார். வழக்கமான குரல்தான், வழக்கமான 'அதாவது' மட்டும் இல்லை. "ஆத்தா உள்ள கொதிச்சுப்போய் இருக்கா. பாதியில விட்டுட்டு ஓடுனா எவன் குடும்பமும் வெளங்காது. தண்ணி கண்டாத்தான் அவ குளுருவா. எறங்குங்கடா. ஒங்க வீட்டுக்கு ஒங்ககூட நானே வரேன். முதல்ல இது."

அதோடு நிற்காமல் குடையைக் கீழே வைத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். மேலே ஏறியவனின் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார்.

இருபது வருஷம் ஆட்களைச் சுட்டிக்காட்டிய கை அது. முதல் நாலு வெட்டு கோணலாக விழுந்தன. ஐந்தாவது வெட்டில் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. மண்ணைக் கிள்ளி எடுக்காமல், அடியில் சரித்துத் தூக்கி, தோளுக்கு மேல் வீசுகிற வடிகால்காரன் வெட்டு. இளவட்டங்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். பெரிய கங்காணி வெட்டும்போது மேலே நிற்க யாருக்கும் தைரியம் இல்லை. மூசா கெட்டிலை இறக்கிவிட்டு, தள்ளி இருப்பதாகச் சொன்னதையும் மறந்துவிட்டு, வாளியில் மண் அள்ளி வெளியே கொட்டினார்.

ஒரு மணிக்குக் காலடியில் கறுப்பாகத் தண்ணீர் ஊறியது. சாயாவைவிடக் கறுப்பு. அதை வாளி வாளியாக அள்ளித் தெற்குச் சுவரில் வீசினார்கள். சிவப்பு சீறியது, வெள்ளையாக ஆவி கிளம்பியது. நாற்பது அடியும் சீறி அடங்கக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. அத்தனை பேர் முகமும் கரியாகிவிட்டதால் யார் கங்காணி, யார் கூலி என்று பார்த்தால் தெரியாது. ரெங்கசாமி இருமிக்கொண்டே கரையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் துண்டு எங்கேயோ போயிருந்தது.

வீரம்மாள் சமையலறைக்குள் போய்த் தரையைத் தொட்டாள். சூடு இன்னும் இருந்தது. இருந்த இடத்தில் இருந்தது, மேற்கொண்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் குந்தியிருந்தாள். பிறகு எழுந்து, சாய்ந்த அம்மிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகினாள்.

மாலையில் விளக்கோடும் கற்பூரத்தோடும் பெண்கள் வந்தபோது, கட்டையின் காலடியில் புகை இல்லை. துவாரம் மட்டும் இருந்தது. கூட்டம் ரெங்கசாமியைப் பார்த்தது. அவர் துவாரத்தைப் பார்த்தார், பிறகு வீரம்மாளைப் பார்த்தார்.

"குளுந்துட்டா," என்றாள் வீரம்மாள். "ஆத்தா குளுந்தா ஒரு எடத்துல நிக்க மாட்டா. எல்லாரும் வீட்டுக்குப் போயி அவங்கவங்க அடுக்களைத் தரையைத் தொட்டுப் பாருங்க. எங்க சூடா இருக்கோ அங்கதான் போயிருக்கா. நாளைக்கு அங்க வெட்டணும்."

"ஆளுயரம்," என்றார் ரெங்கசாமி கரகரத்த குரலில். "அதாவது, முழங்கால் அளவில் வெட்டிவிட்டு ஏமாற்றப் பார்க்கக் கூடாது. நானே வந்து அளப்பேன்."

மறுநாளே மூன்று வீட்டில் சூடு இருப்பதாகத் தகவல் வந்தது. மூன்று வீட்டிலும் அம்மன் வெவ்வேறு திசையைப் பார்த்திருப்பதாக ரெங்கசாமி அறிவித்தார். நாலாவது வீடு நாகையாவுடையது. அங்கே போவதா வேண்டாமா என்று ஒரு பொழுது யோசித்தார். பிறகு மண்வெட்டியோடு போனார். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரே பள்ளத்தை வெட்டினார்கள் என்று கன்னையா வந்து சொன்னான். கோட்டு, தங்கமணி வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

அன்று ஆடி வெள்ளி. நாகையா வீட்டில் வெட்டுகிறவர்களுக்கு வீரம்மாள் கூழ் காய்ச்சினாள், தன் சமையலறையில், வாசலிலிருந்து திரும்பி வந்த தன் அடுப்பில். தங்கமணி சட்டியைத் துணி சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு கரண்டி கூட ஊத்து," என்றாள் வீரம்மாள். "நான் சொன்னேன்னு சொல்லாத."

"ஏன் அத்தை? சொன்னா சந்தோஷப்படுவாரு."

"சந்தோஷப்பட்டு அந்தக் கரண்டிக்கும் ஒரு கோயில் கட்டிருவாரு."